நின்று பார்த்த இடங்கள்

மதிய நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு. நான் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். எண்பதை நெருங்கும் அப்பா தனியாகக் குடியிருக்கும்போது மகளுக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. அன்று நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மேற்கே ஹென்டர்சனில், சமையலறை அலமாரி செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில், என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடுத்தால் ஓர் ஆண் குரல். நிதானமான, கனிவான, சமோவாத் தீவுக்காரரின் குரல். நீதிமன்றக் காவலாளி என்றார். எந்த நீதிமன்றம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவள்.

"உங்கள் அப்பா எங்களோடு இருக்கிறார். நன்றாக இருக்கிறார். டீ கொடுத்திருக்கிறோம்," என்றார் ஆங்கிலத்தில். நன்றாக இருக்கிறார் என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினாலே நான் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

விஷயம் இதுதான். இடைவேளையில் கோர்ட் அறையைப் பூட்டிவைப்பார்களாம். யாரோ எதையோ எடுக்கத் திறந்த நேரத்தில் அப்பா உள்ளே போயிருக்கிறார். மேடை ஏறி, நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் யார் என்று காவலாளி கேட்டதும் தன் பெயரைச் சொன்னார். கேப்டன் என்றார். பிறகு நீளமாக ஓர் எண். ஏன் அங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டால் மறுபடியும் அதே பெயர், அதே கேப்டன், அதே எண்.

"ஃபோன் நம்பரோ என்று அடித்துக்கூடப் பார்த்தேன்," என்றார் காவலாளி. "அப்புறம்தான் சட்டைப் பையில் உங்கள் நம்பர் எழுதிய அட்டை இருப்பதைப் பார்த்தேன்."

அந்த எண் அப்பாவின் பட்டாள எண். எதிரி கையில் சிக்கினால் பெயர், பதவி, எண் மூன்றுக்கு மேல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பட்டாளத்தை விட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆக்லாந்தில், கையில் டீயோடு நிற்கும் ஒரு நல்ல மனிதரை அப்பா எதிரி என்று நினைத்துவிட்டாரா? ஊரில் நீதிபதியாக இருந்தவர், அந்த நாற்காலியைப் பார்த்ததும் தான் இன்னும் நீதிபதி என்று நினைத்துவிட்டாரா? மோட்டார்வேயில் தெற்கே ஓட்டிக்கொண்டு போகும்போது வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பயப்படுவதில் நான் சீனியர் வக்கீல். எந்தக் கேஸையும் மோசமான முடிவிலிருந்துதான் வாதாடத் தொடங்குவேன்.

அப்பாவை அறியாதவர்களுக்கு அவரைச் சொல்லியாக வேண்டும். மூன்று வேலை பார்த்தவர். "மொத வேல எல்லையில, ரெண்டாவதும் எல்லையில. மூணாவதுல நானே அடுத்தவனுக்கு எல்லை போட்டேன்" என்பது கல்யாண வீடுகளில் அவர் சொல்லும் ஜோக். பழகியவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வோம்.

முதல் எல்லை வடக்கே பனிமலையில். பட்டப்பகலில் காவல் பார்த்தபடி தூங்கிவிட்டான் என்று ஒரு சிப்பாய் மீது ராணுவக் கோர்ட்டில் விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் துணையாக ஓர் அதிகாரியை நிறுத்துவார்களாம். சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. யாரும் விரும்பாத அந்த வேலை வயதில் இளையவரான அப்பாவின் தலையில் விழுந்தது. அவர் புத்தகத்தைப் புரட்டவில்லை. அதே மதிய நேரத்தில், அதே கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தக் காவல் குடிலுக்குள் போய் நின்றார். கதவைச் சாத்தினால்தான் குளிர் தாங்கும். சாத்தினால் கரியடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கே கண் செருகிவிட்டது. மறுநாள் கோர்ட்டில் எழுந்து, "நானும் அங்கே தூங்கினேன். அவனுக்குத் தண்டனை என்றால் எனக்கும் சேர்த்துக் கொடுங்கள்" என்றாராம். சிப்பாய் தப்பித்தான். அடுப்புக்குப் புகைபோக்கி வந்தது. அப்பாவுக்கு மேலதிகாரியிடம் கிடைத்தது வசவு. அதைத்தான் தன் முதல் ஃபீஸ் என்பார்.

அந்த ருசியில் பட்டாளத்தை விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். செங்கோட்டைப் பக்கம், கேரள எல்லையில் வக்கீலாகப் போர்டு மாட்டினார். அன்றைக்கு அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் கேஸ். மூட்டையைப் பாலத்தடியில் ஒளித்ததைச் சோதனைச் சாவடியிலிருந்து பார்த்தேன் என்று ஒரு போலீஸ்காரர் சாட்சி சொன்னால், அப்பா பஸ் பிடித்துப் போய் அந்தச் சாவடியில் நிற்பார். நடுவில் ஒரு புளியமரம் மறைக்கும். கேஸ் விழுந்துவிடும். பிறகு பரீட்சை எழுதி முன்சீப் ஆனார், வரப்புத் தகராறிலிருந்து திருட்டு வரை தீர்ப்புச் சொல்லும் நீதிபதி. ஊர் ஊராக மாற்றல். லாரியில் பாத்திரங்களோடு நாங்களும் போனோம்.

வீட்டிலும் கோர்ட்தான். சாட்சிக்கு அவர் வைத்திருந்த சட்டம் எங்களுக்கும் சேர்த்து. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். ஊகத்தைச் சொல்லாதே. நுணலும் தன் வாயால் கெடும். வெல்லத்தை எடுத்தது யார் என்று அம்மா கேட்டபோது, "பாத்த சாட்சி யாரு?" என்று கேட்டு நான் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

அம்மா போன பிறகு இங்கே அழைத்துக்கொண்டோம். ஹென்டர்சன் வீட்டில் அவருக்கென்று கீழே ஓர் அறையைத் தயார் செய்து, கட்டிலெல்லாம் போட்டுவைத்தோம். வந்து பார்த்தார். நல்லாருக்கு என்றார். பிறகு தெற்கே, நம்மவர்கள் நிறைய இருக்கும் பாபடோயிட்டோயில், வரிசை வீடுகளில் ஒரு சின்ன யூனிட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். கேட்டால், "அங்கன காலைல இறங்கி நடந்தா நாலு பேரு 'வணக்கம் அய்யா'ங்காங்க. முருங்கைக்கா கெடைக்கி. உன் ஊர்ல நான் யாரு? உன் அப்பன். அவ்வளவுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

அங்கிருந்து நினைத்தால் ரயிலேறி நீதிமன்றத்துக்குப் போவார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வழக்குக் கேட்பார். மற்ற அப்பாக்கள் கோயிலுக்கோ கிரிக்கெட்டுக்கோ போகிற மாதிரி இவருக்கு இது. நீதிபதி உள்ளே வந்தால் முதலில் எழுந்து நிற்பவர் இவராகத்தான் இருப்பார்.

அன்று காவலாளியின் அறையில் அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். டீயைத் தொடவில்லை. காவலாளி என்னை ஓரமாக அழைத்து, புகார் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், தன் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "எதுக்குப்பா அங்க போய் உக்காந்தீங்க?"

"இந்த விஷயமா நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல."

"நான் உங்க மகப்பா."

"சாட்சிக்கு மகளும் ஒண்ணுதான், போலீசும் ஒண்ணுதான்," என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை யூனிட்டில் விட்டுவிட்டு நான் காரை எடுக்கும்போது, பக்கத்து யூனிட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா வேலியோரமாக வந்து கையைக் காட்டினார். என்னைவிட இளையவர்தான், சின்னப் பிள்ளைகள் இரண்டு உண்டு. ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கண்ணாடியை இறக்கினேன்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அப்பா அடுப்பில சட்டிய வச்சிட்டு மறந்து போறார் போல. ரெண்டு தரம் புகை அலாரம் அடிச்சது. நான்தான் போய்க் கதவைத் தட்டினனான். பாவம், அவருக்கு வெக்கமாப் போச்சுது. நான் சொன்னனெண்டு சொல்லிப் போடாதேங்கோ, என்ன?"

"சொல்ல மாட்டேன் அக்கா."

"ஓம். அவர் நல்ல மனுசன். அதுதான் யோசிக்கிறன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நாற்காலி ஒரு பயம், அடுப்பு இன்னொரு பயம். இரண்டையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனேன். என் கணவர் மலேசியாக்காரர், ஈப்போ. எந்தப் பிரச்சினைக்கும் ஒரு வரியில் தீர்வு வைத்திருப்பார். "கீழ ரூம் சும்மாதானே கெடக்கு. கொண்டாந்துடலாம்லா," என்றார். அப்பா வர மாட்டார் என்றேன். "டாக்டர் சொன்னா வந்துதானே ஆகணும்?" என்றார்.

அதில்தான் எல்லாமே இருந்தது. எங்கள் குடும்ப டாக்டர், முதியவர்களைப் பார்க்கும் ஒரு நிபுணரிடம் அனுப்பினார். அப்பாவின் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே, மனுகாவில் அவருடைய கிளினிக். அப்பா தனியாக இருக்கத் தகுதியானவர்தானா என்று அவர் பார்த்துச் சொல்வார். இல்லை என்றால் பாபடோயிட்டோய் முடிந்தது. காலை நடை, முருங்கைக்காய், ரயில், நாலு பேரின் வணக்கம் அய்யா, எல்லாம் முடிந்தது. நான் என்ன விரும்பினேன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால் பழி என் மேல் விழாது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு மனம். அப்பா ஜெயித்துவிட வேண்டும், யாரும் அவரைத் தோற்கடிக்கக் கூடாது என்று இன்னொரு மனம். இரண்டும் ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தன.

அடுத்த சில வாரங்கள் நான் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி அவரைச் சோதித்தேன். ஃபோனில், "இன்னைக்கு என்ன கிழமைப்பா? எனக்கே மறந்துபோச்சு" என்பேன். "ஏன், ஆபீஸ்ல காலண்டர் இல்லையா?" என்பார். "போன வாரம் நாம எங்க சாப்ட்டோம், அந்தக் கடைப் பேரு என்ன?" என்பேன். ஃபோனில் அவர் வீட்டு டிவி மட்டும் கேட்கும். பிறகு, "பாப்பா, இது குறுக்கு விசாரணையா?" என்பார். பதில் தெரிந்துதான் கேலி செய்கிறாரா, தெரியாததை மறைக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஐம்பது தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்கிறார், அதை மட்டும் மறக்கவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்வேன்.

கிளினிக் நாளன்று அப்பா கோட் போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் என் வயதுப் பெண்மணி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், நல்ல சிரிப்பு. மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி எங்கள் பக்கம் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அழப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று மென்மையாகச் சொன்னார்.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அப்பாவின் ஆங்கிலம் இன்னும் தீர்ப்பு எழுதும் ஆங்கிலம்.

இன்று என்ன தேதி என்று கேட்டார் டாக்டர். "நான் சரிபார்க்கவில்லை. எனவே தெரியாது," என்றார் அப்பா.

இது என்ன பருவம்? "காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது குளிர்காலம். ஒரே நாளில் நாலு பருவமும் வரும் இந்த ஊரில் இப்போது என்னவென்று வெளியே பார்க்காமல் சொல்ல இயலாது." டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

நாம் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம்? "லிஃப்டில் பட்டனை அமுக்கியது என் மகள். அவளைக் கேளுங்கள்."

மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். பிறகு கேட்டபோது அப்பா, "மூன்று வார்த்தைகள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் இப்போது சொல்வதற்கில்லை" என்றார். ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றதற்குச் சுவரைக் காட்டி, மூலமே அங்கே தொங்கும்போது நகல் எதற்கு என்றார்.

சாமர்த்தியமா, சமாளிப்பா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், டாக்டரின் கணக்கில் இரண்டுக்கும் பூஜ்யம்தான். அப்பா ஒவ்வொரு பதிலாக வென்றுகொண்டே போனார். கேஸ் ஒவ்வொரு பதிலாகத் தோற்றுக்கொண்டே போனது. கத்திச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அப்பா, இது கோர்ட் இல்லை, உங்கள் வாயைப் பிடுங்க இந்தம்மா வரவில்லை, தெரிந்ததைச் சொல்லித் தொலையுங்கள்.

"நீங்களே சமைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாம். சமைக்கிறேன்."

அதற்கு மேல் டாக்டர் தோண்டவில்லை. என் பக்கம் திரும்பி, வேறு ஏதாவது நான் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா என்று கேட்டார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. அலாரமும் ஞாபகம் வந்தது. அப்பாவின் பின்கழுத்து என் முன்னால் இருந்தது. முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார், இதற்காகவே. "இல்லை," என்றேன்.

பிறகு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் குடும்ப டாக்டர் எழுதி அனுப்பியிருந்த நாற்காலி விஷயத்துக்கு வந்தார். அன்று நீதிமன்றத்தில் நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்தீர்களே, ஏன் என்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டல் எதுவும் இல்லை. அப்பாவின் கட்டைவிரல் கோட்டுப் பொத்தானைத் தேய்க்க ஆரம்பித்தது. தன் பெயரைச் சொன்னார். கேப்டன் என்றார். எண்ணைச் சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். டிஷ்யூ பெட்டியையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எண்ணைச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொல்கிறார். நான் பயந்தால் மளமளவென்று பேசுவேன். அவர் பயந்தால் வாயைப் பூட்டிக்கொள்கிறவர். இத்தனை வாரமாக நான் என் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் பயம் என் கண்ணில் படவே இல்லை.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. புதிதாக மாற்றலாகி வந்த ஊர். மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. அப்பா மட்டும் குற்றவாளிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார், கம்பியைப் பிடித்தபடி. அப்பாவைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஓவென்று அழுதேன். நீதிபதிக்கு முன்னால் நடந்து வரும் டவாலி மாமா ஓடிவந்து, "பயப்படாத பாப்பா. அய்யா புதுக் கோர்ட்டுக்கு வந்தா மொதல்ல எல்லாக் கூண்டுலயும் ஏறி நின்னு பாப்பாக" என்றார். மத்தியான வெயில் சன்னல் வழியாகச் சரியாகக் கூண்டில் நிற்பவன் கண்ணில் அடித்தது. கண்ணைச் சுருக்குகிறவனைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி இருக்கும் என்று சொல்லி, அப்பா அன்றே சன்னலுக்கு ஒரு தட்டி கட்டச் சொன்னார்.

எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்தது அந்த நாற்காலிதான். முன்னாள் நீதிபதி நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய நினைப்பு என்றுதானே எவருக்கும் தோன்றும்? ஆனால் இந்த ஊரில் அது அவர் இடமில்லை. அடுத்தவர் இடம், அவர் போய் நின்று பார்க்காமல் விடாத இடம்.

ஒரே ஒரு கேள்வி நான் கேட்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். தலையசைத்தார். நான் தமிழில், "அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

அவர் திரும்பாமலே, "பதிலக் கேள்விக்குள்ள வச்சுக் கேக்கக் கூடாது" என்றார்.

"வைக்கல. அந்த நாற்காலியில உக்காந்து பாத்தப்போ என்ன தெரிஞ்சுது?"

கட்டைவிரல் நின்றது. அப்பா நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தினார். பிறகு டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். தான் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு முந்தின நாள் ஒரு வயதான பெண் சாட்சி சொன்னாள். குள்ளமானவள், தணிந்த குரல். நீதிபதி திரும்பத் திரும்ப அவளை உரக்கப் பேசச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் இன்னும் சுருங்கிப்போனாள். பார்த்தவர்களுக்கு அவள் எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது. "நீதிபதியின் இடத்திலிருந்து அவள் எப்படித் தெரிந்திருப்பாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. போய்ப் பார்த்தேன். மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் திரை சாட்சியின் முகத்தில் பாதியை மறைக்கிறது. கண் தெரிகிறது. வாய் தெரியவில்லை. வாயைப் பார்க்காவிட்டால் காது பாதிதான் கேட்கும். என் வயதில் இதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திரையை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்."

இதைக் காவலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் டாக்டர்.

"அனுமதி இல்லாமல் உள்ளே போனது தவறு. தவறில் மாட்டிக்கொண்டவன் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. முப்பது வருஷம் அதைத்தான் பார்த்தேன்."

அதன்பிறகு அப்பாவே காகிதத்தை இழுத்துப் போட்டுக் கடிகாரம் வரைந்தார். தேதியைச் சொன்னார். மூன்று வார்த்தைகளையும் கடைசியிலிருந்து முதலுக்குச் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்துப் பழையதை அடித்து எழுதினார். இப்போதைக்குத் தனியாக இருக்கலாம், வாரத்தில் சில நாள் உதவிக்கு ஆள் வரட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். கை குலுக்கும்போது அப்பா எழுந்து நின்று தலை வணங்கினார், நீதிபதிக்கு வணங்குகிற மாதிரி. நான் கடைசியில் டிஷ்யூவை எடுத்துத்தான் தொலைத்தேன்.

கார் நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவரைத் திட்டினேன், சிரித்தேன், லிஃப்ட் பட்டன் பதிலை நடித்துக் காட்டினேன். பாபடோயிட்டோயில் இறங்கித் தோசை சாப்பிடலாம், ரெண்டு வடையும் சொல்லலாம் என்றேன். அந்த அடுப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. டைமர் வைத்த அடுப்பு வாங்கிப் போட்டுவிடலாம், உதவிக்கு வருகிறவளிடம் சொல்லிவைக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மோட்டார்வேயில் ஏறினேன். பாபடோயிட்டோய்க்கு இறங்கும் வழி தூரத்தில் தெரிந்தது, அதைத் தாண்டி நேரே போனால் ஹென்டர்சன். இண்டிகேட்டர் போட்டேன்.

"பாப்பா."

"என்னப்பா?"

"அந்தம்மா சமைப்பீங்களான்னுதான் கேட்டா. சமைப்பேன்னேன். அது உண்ம. அடுப்ப எப்படி அணைப்பீங்கன்னு கேக்கல."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ரெண்டாவது தடவ அலாரம் அடிச்சப்புறம் நான் அடுப்பு முன்னால போய் நின்னு பாத்தேன். நாலு திருகு இருக்கு. எது எந்த அடுப்புக்குன்னு தெரியல. பக்கத்துல படம் போட்டுருக்கான். அதப் பாத்தும் தெரியல. வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து நின்னேன். அப்பவும் தெரியல. மறுநா காலைல எல்லாம் தெரிஞ்சுது. சாயங்காலம் தெரியல."

"இத ஏம்ப்பா அங்கயே சொல்லல?"

"கேக்கல."

"அப்போ இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"கோர்ட் கலைஞ்சாச்சுல்லா. இனி நான் சாட்சி இல்ல." யூனிட்டுகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ள வாசல்லயும் நின்னு பாத்தேன். நடுவுல ஒரு செவருதான். என் வீட்டுப் பொகை மொதல்ல அவ பிள்ளைங்க படுக்கிற ரூம் சன்னலுக்குத்தான் போவுது. அங்க நின்னு பாத்தா, அந்த டாக்டரம்மா சொன்ன தீர்ப்பு தப்பு."

இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த கார்காரர் நான் இறங்கப் போகிறேன் என்று நம்பி வேகத்தைக் குறைத்திருந்தார். அப்பா சட்டைப் பையைத் தடவி யூனிட் சாவியை எடுத்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கப் வைக்கும் குழியில் போட்டார்.

"ஹென்டர்சனுக்கே போ, பாப்பா."

நான் இண்டிகேட்டரை அணைத்தேன்.